லோன் மோவரின் அடியில் புல் அப்பாமல் வைத்திருப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு

புல்லு வெட்டுகிற மெஷினைப் புரட்டிப் பார்த்தால் பிளேட்டைச் சுற்றி இரண்டு விரல் தடிப்பில் பச்சையும் கறுப்புமாகப் புல் அப்பிக் கிடக்கும். சுரண்டி எடுக்கவே ஒரு பின்னேரம் போய்விடும், அடுத்த கிழமை வெட்டினால் திரும்பவும் அதே கதை. என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள்: கிறீஸ் பூசு, தேங்காய் எண்ணெய் பூசு, கராஜில் பழைய ஒயில் வாங்கிப் பூசு. கல்லடியில் கடலுக்குக் கிட்ட ஒரு தங்குவிடுதியின் புல்தரையைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். இந்த மருந்துகளையெல்லாம் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். பூசுகிற வேலை கடைசியில் வருவது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது காற்று.

பிளேட்டை மூடியிருக்கும் தகட்டுக் கூட்டைத்தான் டெக் என்கிறோம். பிளேட்டின் இரண்டு நுனியிலும் பின்பக்கம் கொஞ்சம் மேலே வளைந்திருக்கும், அதை இறக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 தடவை சுற்றும்போது அந்த இறக்கை காற்றை மேலே இழுக்கிறது. காற்றோடு புல் நிமிர்கிறது, வெட்டுப்படுகிறது, அதே காற்று துண்டுகளை டெக்கில் இருக்கும் வாய் வழியாக வெளியே தள்ளுகிறது. காற்று வேகமாக இருக்கும்வரை துண்டுகளுக்குத் தகட்டில் உட்கார நேரம் கிடையாது. காற்று குறைந்தால் உட்காரும். ஒரு படை உட்கார்ந்துவிட்டால் உள்ளே இடம் குறையும், இடம் குறைந்தால் காற்று இன்னும் குறையும், பிறகு கேட்கவே வேண்டாம். கீழே சொல்கிற எல்லாமே இந்தக் காற்றைக் காப்பாற்றுகிற வேலைதான்.

1. முதலில் மெஷினின் கடதாசிகளை எடுத்து வையுங்கள்

இஞ்சினிலும் டெக்கிலும் தனித்தனியே ஸ்டிக்கர் அல்லது சின்னத் தகடு இருக்கும். இஞ்சின் ஒரு கம்பனி, டெக் இன்னொரு கம்பனி என்று வருகிற மெஷின்கள் நிறைய, ஆகவே இரண்டு நம்பரும் வேண்டும். இப்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள், தண்ணீரும் பெற்றோலும் பட்டுப்பட்டு அந்த எழுத்து அழிந்துபோகும், அழிந்த பிறகு பிளேட் கேட்டுக் கடைக்குப் போனால் கடைக்காரர் உங்கள் முகத்தையும் நீங்கள் அவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பில், வாரண்டி கார்ட், கைநூல் மூன்றையும் ஒரே பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். செக்கண்ட் ஹாண்ட் மெஷின், கைநூல் இல்லை என்றால் மாடல் நம்பரைப் போட்டுத் தேடுங்கள், பெரிய கம்பனிகள் கைநூலை இணையத்தில் சும்மாவே போட்டிருக்கின்றன. அதில் நான்கு விடயம் மட்டும் பார்த்தால் போதும்: மெஷினை எந்தப் பக்கம் சரிக்கச் சொல்கிறார்கள், பிளேட் போல்டை எவ்வளவு இறுக்கச் சொல்கிறார்கள், டெக்குக்குத் தண்ணீர் அடிக்கலாமா, ஹோஸ் மாட்டுகிற துளை இருக்கிறதா. வாரண்டி கார்டில் துருவைப் பற்றியும் பிளேட்டைப் பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்குகிற அன்றே வாசியுங்கள்.

கனடாவில் இருந்து சொந்தக்காரர் அனுப்பிய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அது வயர் குத்துகிற மின்சார மெஷின் என்றால் 120 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே நமக்கு 230. நேரே குத்தினால் மோட்டார் போய்விடும். பெற்றோல் மெஷின் என்றால் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் பிளேட் நடுத்துளையின் வடிவம் இங்கே கிடைக்கிறவற்றோடு பொருந்தாமல் போகலாம். அனுப்பும்போதே இரண்டு பிளேட் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

2. எப்போது வெட்டுவது

அப்புகிற புல்லில் பெரும்பங்கு ஈரப் புல். இதில் நமக்கு ஒரு வில்லங்கம் இருக்கிறது: புல் கிடுகிடுவென வளர்கிற காலமும் அது காயவே காயாத காலமும் ஒன்று, ஐப்பசியில் இருந்து தை வரைக்குமான மாரி. நவம்பரிலும் டிசம்பரிலும் 'புல் காய்ந்த பிறகு வெட்டு' என்று கைநூல் சொல்வதை வாசிக்கச் சிரிப்பு வரும்.

வெயில் காலத்தில் சுலபம். விடியப்புறம் பனி இருக்கும், அதனால் 10 மணிக்குப் பிறகு இறங்குங்கள். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் அதற்கு முன்னமே காய்ந்துவிடும். உள்ளங்கையைப் புல்லின் மேல் தடவிப் பாருங்கள், கையில் ஈரம் ஒட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சுகிற புல்தரை என்றால் வெட்டிய பிறகு பாய்ச்சுங்கள். காலையில் பாய்ச்சிவிட்டு மத்தியானம் வெட்டுகிற ஆட்களை நான் நிறையப் பார்க்கிறேன், அடி புல் ஈரமாகவே இருக்கும்.

மாரியில் இடைவெளி பார்த்து வெட்ட வேண்டும். மழை விட்டு நல்ல வெயில் எறித்தால் பின்னேரம் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். வெட்டுவதற்கு அரை மணித்தியாலம் முன்னால் நீளமான கயிற்றையோ தண்ணீர்க் குழாயையோ இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துப் புல்லின் மேலால் இழுத்துக்கொண்டு போங்கள். இலையில் நிற்கிற தண்ணீர் உதிர்ந்துவிடும், அதன்பிறகு காய்வது விரைவு. மாமரத்துக்குக் கீழேயும் மதில் ஓரத்திலும் கடைசியில் வெட்டுங்கள்.

ஆட்கள் வருகிறார்கள், ஈரத்தோடு வெட்டியே ஆக வேண்டும் என்ற நாளும் வரும். அன்று உயரத்தை ஒரு படி கூட்டுங்கள், மெஷினின் அரை அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள், மெல்ல நடங்கள். வாயால் புல் சீராக வராமல் கட்டி கட்டியாக விழத் தொடங்கினால் நிறுத்திவிட்டுச் சுரண்டுங்கள். வயர் குத்துகிற மெஷினை ஈரப் புல்லில் இறக்கவே வேண்டாம், அது புல் அப்புகிற பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

3. எவ்வளவு வெட்டுவது

ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். 5 செ.மீ. உயரத்தில் வைத்திருக்க ஆசை என்றால் 7.5 செ.மீ. வந்தவுடன் வெட்டிவிட வேண்டும். நீளமான துண்டுகள் பாரம் கூட, காற்றால் தூக்க முடியாது, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வாயை அடைக்கும். மாரியில் இதற்குக் கிழமைக்கு ஒரு தடவை இறங்க வேண்டிவரும், நம்மவர் விரும்பி நடுகிற மலேசியப் புல் அகல இலை, நீர் கூடின இலை, அதற்குச் சில நேரம் அதுவும் காணாது. ஆடி ஆவணியில் தண்ணீர் பாய்ச்சாத தரை என்றால் ஒரு மாதம் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டதா? பள்ளிக்கூட மைதானம், கோயில் வீதி, ஆள் இல்லாத வளவு எல்லாம் அப்படித்தான் இருக்கும். அதற்குள் மோவரைத் தள்ளாதீர்கள். தோளில் மெஷினைக் கொழுவி வெட்டுகிற ஆளைப் பிடித்து முதலில் வெட்டுவித்து, வாரி அள்ளிவிட்டு, இரண்டு மூன்று நாளால் மோவரை உயர்ந்த படியில் வைத்து ஓட்டுங்கள், அதற்கடுத்த தடவை ஒரு படி இறக்குங்கள். கூலிக்காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று நேரே மோவரை விட்டால் அந்தக் காசு இஞ்சினுக்குப் போகும்.

4. முயல் படத்தில் வையுங்கள்

கைபிடியில் வேகம் கூட்டிக் குறைக்கிற லீவர் இருந்தால் அதில் ஒரு பக்கம் முயலும் மறுபக்கம் ஆமையும் இருக்கும். வெட்டும்போது எப்போதும் முயல். பெற்றோல் மிச்சம் என்று ஆமைப் பக்கம் வைத்து வெட்டுகிற பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது, ஆனால் வேகம் குறைந்தால் காற்றும் குறையும், துண்டெல்லாம் தகட்டில் ஒட்டும், ஒட்டினதைச் சுற்ற இஞ்சின் மூச்சு வாங்கும், மிச்சம் பிடித்த பெற்றோலைவிடக் கூடவே எரியும். மெதுவாகப் போக விரும்பினால் நடையைக் குறையுங்கள்.

மெஷின் துப்புகிற பக்கம் எப்போதும் வெட்டி முடித்த பக்கமாக இருக்கட்டும். வெட்டாத பக்கம் துப்பினால் அடுத்த வரியில் அதே புல்லை இரண்டாந்தரம் விழுங்க வேண்டிவரும்.

சில மெஷினில் வாயை அடைத்துப் புல்லை உள்ளேயே நறுக்கித் தரையில் விடுகிற அடைப்பான் இருக்கும். வெயில் காலத்தில் அருமை, தரைக்குப் பசளை. மாரியில் அதைக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள், ஈரப் புல்லை உள்ளே அடைத்து வைத்தால் அது தகட்டைத் தவிர எங்கே போகும்? பின்னால் பை மாட்டுகிற மெஷின் என்றால் பை முக்கால்வாசி நிரம்பியதும் கொட்டிவிடுங்கள். பையின் வலைக்கண் வழியாகத்தான் காற்று வெளியேறுகிறது. தூசு அடைத்த பை வெறுமையாக இருந்தாலும் நிரம்பிய பைதான், மாதத்துக்கு ஒருமுறை கழுவிக் காயப் போடுங்கள்.

5. பிளேட்: இங்கேதான் கவனம் கூட வேண்டும்

எழுவான்கரைப் பக்கம், கல்லடி, களுவாஞ்சிகுடி, திருக்கோவில், பொத்துவில் என்று கடலோரம் முழுக்க மணல் தரை. பிளேட் இழுக்கிற காற்றோடு மணலும் ஏறி வரும், ஏறி வந்து பிளேட்டின் கூர்மையை மட்டுமல்லாமல் அந்த இறக்கையையும் அரித்துவிடும். கூர் போனது கண்ணுக்குத் தெரியும், புல்லின் நுனி பிய்ந்து வெள்ளையாகக் காயும். இறக்கை தேய்ந்தது சட்டென்று தெரியாது. பிளேட்டைத் தீட்டிக்கொண்டே இருப்போம், புல்லும் அப்பிக்கொண்டே இருக்கும். புதுப் பிளேட் வாங்கிய அன்றே பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வைத்தால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இறக்கை தொடங்குகிற வளைவில் தகடு மெலிந்தோ பிளந்தோ இருந்தால் அந்தப் பிளேட்டை அன்றே எறிந்துவிடுங்கள், ஓடும்போது முறிந்தால் துண்டு யாருடைய காலில் ஏறும் என்று சொல்ல முடியாது.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமும் அம்பாறை உட்பகுதியும் களிமண் கூடின தரை. அங்கே பிளேட் இவ்வளவு தேயாது, ஆனால் புல்லோடு சேறு கலந்து தகட்டில் ஏறினால் காய்ந்ததும் சீமெந்துதான். அவர்களுக்குப் பிளேட்டைவிட அடுத்த பகுதி முக்கியம்.

தீட்டுவது கடினமில்லை. இஞ்சினின் ஸ்பார்க் பிளக்கில் மாட்டியிருக்கும் வயரைக் கழற்றி, பிளேட்டுக்கும் டெக்குக்கும் இடையில் ஒரு மரக்கட்டையை அணைகொடுத்து, போல்டைக் கழற்றுங்கள். அரத்தை ஏற்கனவே இருக்கிற சரிவிலேயே ஒரே திசையில் தள்ளுங்கள், அந்தச் சரிவு ஏறக்குறைய 30 பாகை இருக்கும். சவரக்கத்திக் கூர் வேண்டாம், அது மணலில் ஒரே நாளில் மழுங்கிவிடும். பிறகு சுவரில் ஒரு ஆணி அடித்து நடுத்துளையால் பிளேட்டைக் கொழுவிப் பாருங்கள், ஒரு பக்கம் தாழ்ந்தால் தாழ்ந்த பக்கத்தை இன்னும் கொஞ்சம் அராவுங்கள். நிறை சரியில்லாத பிளேட் மெஷினை நடுங்க வைத்து, பிளேட் பூட்டியிருக்கிற நடுத்தண்டைக் கெடுத்துவிடும். வெல்டிங் கடையில் கொடுத்துத் தீட்டுவதானால் நுனி நீலம் பாயாமல் இடையிடையே தண்ணீரில் குளிரவைத்துத் தீட்டச் சொல்லுங்கள், நீலம் பாய்ந்த இரும்பில் கூர் நிற்காது.

திரும்பப் பூட்டும்போது இறக்கை டெக்கைப் பார்க்க வேண்டும், தரையைப் பார்க்கக் கூடாது. தலைகீழாகப் பூட்டின பிளேட்டோடு மாதக்கணக்கில் ஓடுகிற மெஷின்கள் இருக்கின்றன, வெட்டவும் வெட்டாது, காற்றும் வராது.

புதுப் பிளேட் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு முனையின் வெட்டுமூலையில் இருந்து எதிர்முனையின் வெட்டுமூலைக்குக் குறுக்காக அளக்க வேண்டும், நடுத்துளை வட்டமா நட்சத்திரமா என்றும் பார்க்க வேண்டும். ஒரு கடையில் எனக்கு 'எல்லாத்துக்கும் பொருந்தும்' என்று எடுத்து நீட்டிய பிளேட் நேர்த் தகடு, இறக்கையே இல்லை. நீளம் சரி, துளை சரி, ஆனால் நமக்கு வேண்டிய சாமான் அதில் இல்லை.

6. வெட்டி முடிந்த அன்றே சுரண்டுங்கள்

அன்றைக்கு 10 நிமிட வேலை, அடுத்த கிழமை என்றால் ஒரு மணித்தியாலம். ஈரப் புல் தகட்டில் நின்றால் பெயின்டுக்குள் துரு ஏறும், கடற்காற்றில் இருக்கிற உப்பு அதற்குக் கூட்டு. துருப்பிடித்த தகடு சொரசொரப்பு, சொரசொரப்பில் புல் இன்னும் பிடிக்கும்.

இஞ்சினை நிறுத்திச் சூடு ஆறவிடுங்கள். பிளக்கின் மேல் இருக்கும் வயரைக் கழற்றித் தள்ளி வையுங்கள். இதைத் தவறவே விடாதீர்கள், கையால் பிளேட்டைச் சுழற்றினாலே இஞ்சின் ஒரு துடிப்புத் துடிக்கக் கூடும், விரல் போவதற்கு ஒரு துடிப்புப் போதும். பற்றறி மெஷின் என்றால் பற்றறியைக் கழற்றுங்கள், வயர் மெஷின் என்றால் பிளக்கை இழுத்து வையுங்கள். பெற்றோல் குழாய்க்குப் பூட்டு இருந்தால் பூட்டுங்கள். தாங்கி நிறையப் பெற்றோலோடு சரிக்க வேண்டாம், ஆகவே பெற்றோல் குறைந்து வருகிற நேரம் பார்த்து இந்த வேலையை வைத்துக்கொள்வது புத்தி.

கைநூலில் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால் எயார் ஃபில்டரும் காபரேட்டரும் மேலே இருக்கிற மாதிரிச் சரியுங்கள். மறுபக்கம் சரித்தால் இஞ்சின் ஒயில் ஃபில்டருக்குள் இறங்கிவிடும், பிறகு ஸ்டார்ட் பண்ணக் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுபோகும், வந்தாலும் வெள்ளைப் புகைதான். சரித்த மெஷின் திரும்ப விழாமல் முட்டுக் கொடுங்கள், தடித்த கையுறை போடுங்கள்.

சுரண்டக் கத்தி, தட்டகப்பை, பழைய இரும்புத் தகடு எதுவும் வேண்டாம், புல்லோடு பெயின்டும் வந்துவிடும். காய்ந்த தென்னை மட்டையில் ஒரு முழம் வெட்டி ஒரு முனையைச் சாய்வாகச் சீவிக்கொள்ளுங்கள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் சுரண்டியைவிட இது எனக்குப் பிடிக்கும், முனை மழுங்கினால் திரும்பச் சீவலாம், காசும் இல்லை. வாயின் உள்விளிம்பையும் நடுத்தண்டைச் சுற்றியும் மறக்காதீர்கள், அப்பல் தொடங்குவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான். மிச்சத்தைப் பொச்சாலோ தும்புத்தடியாலோ தேய்த்துவிடலாம். ஏற்கனவே காய்ந்து இறுகியதென்றால் நனைத்த சாக்கை அரை மணித்தியாலம் அதன்மேல் போட்டு வைத்துவிட்டுச் சுரண்டுங்கள். மின்சார மெஷினுக்கு இந்தச் சாக்கு வேலையும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், காய்ந்த தும்புத்தடி மட்டும்.

வாகனம் கழுவுகிற இடத்தில் கொண்டுபோய் அமுக்கமாகத் தண்ணீர் அடிப்பது வேகமான வேலைதான், ஆனால் அந்தத் தண்ணீர் நடுத்தண்டின் பெயாரிங்குக்குள் புகுந்துவிடும், பெல்ட் இருக்கிற பெரிய மெஷினில் பெல்ட்டுக்கும் கூடாது. டெக்கில் ஹோஸ் மாட்டுகிற துளை இருந்தால் கைநூலில் சொன்ன மாதிரிப் பாவியுங்கள், தண்ணீரை நிறுத்திய பிறகு இன்னும் இரண்டு நிமிடம் பிளேட்டை ஓடவிட்டால் உள்ளே நிற்கிற தண்ணீர் சிதறிப் போகும். கழுவிய மெஷினை ஈரத்தோடு கொட்டிலில் தள்ளிவிடாதீர்கள்.

7. துருவும் பெயின்டும்

இதற்கு நல்ல காலம் ஆவணி, புரட்டாதி. மாரிக்கு முன்னால், வெயில் இருக்கும்போது. பிளேட்டைக் கழற்றிவிட்டு வயர் பிரஷால் துருவை எடுத்து, சேண்ட் பேப்பர் போட்டு, புழுதி துடைத்து, இரும்பு டெக் என்றால் துருவைத் தடுக்கிற அடிப்பூச்சான ரெட் ஒக்சைட் ஒரு கை, அது காய்ந்ததும் எனாமல் இரண்டு கை. நடுத்தண்டையும் ஸ்டிக்கர்களையும் கடதாசி ஒட்டி மறைத்துவிடுங்கள். வேலை இரண்டு நாள், இறுக விடுவதற்கு ஒரு கிழமை. தொட்டால் ஒட்டவில்லை என்று மறுநாளே புல்லில் இறக்கினால் பெயின்ட் உரிந்து வரும். தகடு ஓட்டை விழுந்துவிட்டால் பெயின்டால் ஒன்றும் ஆகாது, ஓட்டையால் கல் தெறிக்கும்.

8. இப்போது பூச்சு

சுத்தமான, காய்ந்த, வழவழப்பான தகட்டில் சிலிக்கோன் ஸ்ப்ரே அல்லது காய்ந்து படிகிற கிராபைட் ஸ்ப்ரே அடித்துக் காயவிட்டால் இரண்டு மூன்று வெட்டுக்குச் சுரண்டுகிற வேலை குறையும். குறையும், அவ்வளவுதான்.

கிறீஸ் வேண்டாம், மணலும் புல்லும் அதில்தான் வந்து உட்காரும். சமையல் எண்ணெய் வெயிலில் பிசுபிசுத்துப் பசை மாதிரி ஆகிவிடும். பழைய இஞ்சின் ஒயில் வேண்டவே வேண்டாம். அது பிளேட் சுற்றும்போது புல்லில் தெறித்துப் புல்லைக் கருக்கும், அதைவிட நம் மணல் தரையில் ஊற்றுகிற எதுவும் நிற்காமல் கீழே இறங்கிவிடும், கீழே அதிக ஆழமில்லாமல் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது.

9. செலவும் சாமான் எடுப்பதும்

தென்னை மட்டைக்கும் தும்புத்தடிக்கும் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. நல்ல அரம் ஒன்று வாங்கினால் வருடக்கணக்கில் வரும். ஸ்ப்ரே கேன் விரைவில் முடிகிற செலவு, அந்தக் காசைச் சேர்த்துப் பிளேட் வாங்குங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். டெக்கையே மாற்றுவதென்றால் விலையைக் கேட்ட பிறகு பேசாமல் இன்னொரு மெஷின் பார்க்கலாமா என்று தோன்றும். பிளேட் இறக்குமதிச் சாமான், டொலர் விலையோடு ஏறும். மட்டக்களப்பு டவுனிலும் கல்முனையிலும் நேரில் கேளுங்கள், இல்லாவிட்டால் கொழும்புக்குப் போன் எடுத்து மாடல் நம்பரையும் பிளேட் படத்தையும் அனுப்பிவிட்டு, படம் பார்த்து அவர்கள் சரி சொன்ன பிறகு மட்டும் காசு போடுங்கள். செப்டெம்பரிலேயே எடுத்து வைப்பது நல்லது, மாரி இறுகி ரோட்டில் வெள்ளம் ஏறினால் பார்சல் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

10. இவ்வளவு செய்தும் அப்பினால்

வாயின் வலது இடது என்று ஒரு பக்கம் மட்டும் அப்புகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அந்த இடத்தில் தகடு நெளிந்திருக்கும் அல்லது துரு எழும்பியிருக்கும். எல்லா இடமும் ஒரே சீராக அப்பினால் பிளேட்டின் இறக்கை, இல்லாவிட்டால் இஞ்சின் வேகம். முயலில் வைத்தும் இஞ்சின் இரைச்சல் முந்திய மாதிரி இல்லையென்றால் எயார் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், அதுவும் சுத்தமென்றால் கராஜில் காட்டி இஞ்சினின் சுற்று வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். காட்டப் போகும்போது அந்த இரண்டு நம்பர் படமும் போனில் இருக்கட்டும்.